மார்கழி பதினொன்றாம் தேதி

மானாம்பதி
9-1-1984, இரவு

அன்புள்ள தேவகிக்கு,

ஆதிலட்சுமி எழுதுவது. நலம். நீ நலமா?

எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நெல் மூட்டைகளுக்குப் பின்னால் சிம்னி விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கூடத்தில் யாராவது இருமினால் ஊதி அணைத்துவிடுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

பதில் எழுதினால் வீட்டு விலாசத்துக்கு எழுத வேண்டாம். தபால்காரர் நேராக நைனா கையில்தான் கொடுப்பார். எங்கள் பள்ளியில் பெருக்கித் தண்ணீர் வைக்கும் செங்கேணியக்கா பேருக்குப் பள்ளி விலாசம் போடு. அவர் என்னிடம் கொடுத்துவிடுவார்.

வேடந்தாங்கல் பறவை முகாமில் இரண்டாம் நாள் நடந்ததை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. நான் பெரியவளானது உலகத்தில் உனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னது, "இன்னாடி இப்டி எளச்சிட்ட, கொக்கு பாத்தியா, கொக்காவே ஆயிட்டியா?" நான் சிரித்தேன். சிரித்ததே பொய்யாகிவிட்டது போல இருந்தது. அன்று சாயங்காலம் அம்மா விளக்கேற்றச் சொன்னாள், ஏற்றினேன்.

ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். எங்கள் வீட்டில் ஏற்கெனவே பேசி வைத்திருக்கிறார்கள். நான் உட்காரும் வரைதான் பள்ளிக்கூடம். அதன் பிறகு சடங்கு, பிறகு தாமோதரன் மாமாவோடு கல்யாணம். மாமா அம்மாவின் கடைசித் தம்பி. உத்திரமேரூரில் அரிசி மில்லில் இருக்கிறார். கெட்டவர் இல்லை. ஆனால் நான் பாவாடை கட்டத் தெரியாமல் திரிந்தபோதே அவர் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்.

மாசியில் முகாம் டீச்சர் நம்மை மாமல்லபுரத்துக் கடற்கரைக்குக் கூட்டிப் போகப் போகிறார்களாம். பங்குனி ஆமை இரவில் கரையேறி முட்டை இடுவதைப் பார்த்து எழுதவும் வரையவும் வேண்டுமாம். எங்கள் பள்ளியில் என் பேரையும் சொல்லியிருக்கிறார்கள். வேடந்தாங்கலுக்கு நைனா அனுப்பியதே "வயசுக்கு வராத பொண்ணுதானே, போய்ட்டு வரட்டும்" என்றுதான். இப்போது தெரிந்தால் கடலும் இல்லை, பத்தாம் வகுப்பும் இல்லை.

எத்தனை நாள் மறைக்க முடியும் தேவகி? எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்படிக்கு,
ஆதிலட்சுமி


காஞ்சிபுரம், மாணவியர் விடுதி
17-1-1984

பயந்தாங்கொள்ளி ஆதிலட்சுமிக்கு,

தேவகி எழுதுவது. பொங்கலுக்குத் தாமலுக்குப் போய்விட்டு நேற்றுதான் விடுதிக்கு வந்தேன். எங்கள் அப்பா அறுவடைக் கூலியில் எனக்கு ஒரு தாவணி எடுத்திருக்கிறார். ஊதா. நான் அதைக் கட்டினால் நீலக்கோழி போல இருப்பதாக விடுதிப் பெண்கள் சொல்கிறார்கள். பறவை முகாமுக்குப் போய் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் பறவைதான்.

நீ பார்த்துச் சொல்ல, நான் பார்க்காமலே வரைய வேண்டும் என்று டீச்சர் நம் இருவரையும் ஜோடி போட்டது நினைவிருக்கிறதா? நீ தொலைநோக்கியை வைத்துக்கொண்டு, "ரொம்ப அழகான பறவை, பாவமா நிக்குது" என்றாய். அழகை எங்கே வரைவது, பாவத்துக்கு எத்தனை கால் என்று நான் கத்தினேன். டீச்சர் சிரித்துக்கொண்டே, "நினைத்ததை விடு, கண்ணில் பட்டதைச் சொல்" என்றார்கள். பிறகுதான் உனக்கு அலகுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தது. நத்தைகுத்தி நாரை வந்தது.

உன் கடிதமும் முதலில் அப்படித்தான் இருக்கிறது. பயம், பயம் என்று. கண்ணில் பட்டது என்ன? உன் அம்மாவுக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியாது. மாசி வரை வாயைத் திறக்காதே. கடலைப் பார்த்துவிட்டு வந்து அழலாம்.

எனக்கு நடந்தபோது யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் கணக்குப் பரீட்சை எழுதினேன். அம்மா அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கொடுத்துவிட்டு நடவுக்கு ஓடிவிட்டார். உனக்குச் செய்யப்போவதுபோல் பந்தல் போட்டு, மாமன் சீர் வைத்து, பாட்டு வைத்திருந்தால் எனக்கும் பிடித்திருக்கும். உனக்கு அது வேண்டாம். கடவுள் ஆள் மாற்றி அனுப்பிவிட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும் என்றிருந்தேன். முதல் நாள் இரவு எந்த ஊர், எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு உன் பாயைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாய். மறுநாள் மத்தியானம் நீ புதருக்குப் பின்னால் நின்று அழுதபோது அந்தப் பாய் எனக்கு நினைவு வந்தது. ஆனாலும் துணி கொடுத்தேன். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எழுதாமல் இருந்தால் உனக்குக் கடிதம் எழுதும்போதெல்லாம் கை நிற்கிறது.

தேவகி


மானாம்பதி
24-1-1984, இரவு

தேவகி,

பாயைப் பற்றி நீ எழுதியதற்குப் பதில் சொல்ல வேண்டும். இப்போது முடியவில்லை. என் வீட்டில் மாரியம்மன் வந்திருக்கிறாள். தம்பி சின்னராசுவுக்கு அம்மை போட்டிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை. முகத்தில், வாய்க்குள், கண் இமை மேல் எல்லாம் முத்து. வாசலில் வேப்பிலை கட்டியாயிற்று. வீட்டில் தாளிப்பதில்லை, வெளியாள் வருவதில்லை, நான் பள்ளிக்குப் போவதில்லை.

தீட்டு உள்ளவர்கள் அம்மை கண்ட வீட்டுக்குள் நிற்கக்கூடாது. ஆத்தா கோபித்துக்கொண்டால் கண்ணை எடுத்துக்கொள்வாள், சில நேரம் உயிரையே. உங்கள் ஊரிலும் இப்படித்தானே?

நேற்று அம்மாவுக்குத் தீட்டு. மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறைக்குப் போய்விட்டாள். போகும்போது சொன்னாள், "நீ இன்னும் கொயந்ததானே. நீதான் சுத்தம். ஆத்தாவுக்கு எல்லாம் நீயே பண்ணு. கூழு வை, வேப்பிலைல வீசிக்கினே இரு. அவன் சொறிஞ்சிக்காம பாத்துக்க."

நேற்று முழுதும் வீசினேன். இன்று காலை எனக்கும் வந்துவிட்டது.

யாரிடம் சொல்வது? சொன்னால் எல்லாம் முடிந்தது. சொல்லாமல் அந்தக் கையாலேயே கூழ் கரைத்தேன், அந்தக் கையாலேயே விளக்கில் எண்ணெய் ஊற்றினேன். மத்தியானம் சின்னராசு கண்ணைத் திறக்கவில்லை. இமை ஒட்டிக்கொண்டது. "அக்கா, ராவாயிடுச்சா?" என்று கேட்கிறான். வெளியே நல்ல வெயில்.

நான் பொய் சொன்னதால் இவன் கண் போகப்போகிறதா? நைனா வாசலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வீசிக்கொண்டே இருக்கிறேன். வீசுவதே குற்றமா, வீசாமல் இருப்பது குற்றமா என்று தெரியவில்லை.

செங்கேணியக்கா தினமும் வேப்பிலை கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார். நாளை காலை இதை அவரிடம் கொடுப்பேன். நீ உடனே எழுது.

ஆதி


காஞ்சிபுரம்
27-1-1984

அன்பு ஆதிக்கு,

கடிதம் கிடைத்தவுடன் எழுதுகிறேன். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது, போகவில்லை.

கவனமாகப் படி. போன பங்குனியில் எங்கள் விடுதியில் அம்மை வந்தது. ஒருத்திக்கு வந்து, வரிசையாகப் பதினோரு பேருக்கு. யாரையும் ஊருக்கு அனுப்பவில்லை. எல்லோரும் ஒரே கூடத்தில் படுத்திருந்தோம். தீட்டானவர்கள் தனியாகப் போக இடம் ஏது? அவர்களும் பக்கத்திலேயே படுத்தார்கள், கஞ்சி ஊற்றினார்கள், நானும் ஊற்றினேன். எல்லோரும் எழுந்து நடந்தார்கள். யாருக்கும் கண் போகவில்லை. இமை ஒட்டினால் வார்டனம்மா வெந்நீரில் பஞ்சை நனைத்து மெதுவாகத் துடைத்துவிடுவார். நீயும் அப்படிச் செய்.

மாரியாத்தா இல்லை என்று நான் சொல்லவில்லை. எங்கள் தெருவிலும் ஆடியில் கூழ் ஊற்றுகிறோம், நானும் வரிசையில் நின்று குடிக்கிறேன். நான் பார்த்தது இது. அவ்வளவுதான்.

சொல்லாதே. சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால் "இப்போதுதான் ஆனேன்" என்று சொல். வேடந்தாங்கலை இழுக்காதே. உங்கள் வீடுகளில் எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், யார் முதலில் பார்த்தது என்று கேட்டுப் பலன் பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் பேரை மட்டும் சொல்லிவிடாதே. முதலில் பார்த்தது தாமல் காலனிப் பெண் என்று தெரிந்தால் உனக்குத்தான் கேடு. எனக்கும் நல்லதில்லை. அடுத்த முகாமில் உங்கள் ஊர்க்காரர்கள் யாராவது வந்து டீச்சரிடம் சண்டை போட்டால் என்னை நிறுத்திவிடுவார்கள்.

சின்னராசு பிழைப்பான். எழுது.

தேவகி


மானாம்பதி
2-2-1984, இரவு

அன்புள்ள தேவகிக்கு,

உன் கடிதம் வருவதற்கு முன்பே சொல்லிவிட்டேன். செங்கேணியக்கா அதை வேப்பிலைக் கட்டுக்குள் செருகிக் கொடுத்தபோது எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. முன்னாலேயே வந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனோ? தெரியவில்லை. பதினோரு பேர் பிழைத்தார்கள் என்று நீ எழுதியதை நம்புகிறேன். ஆனால் அவர்களில் யாரும் என் தம்பி இல்லை.

உனக்கு எழுதிய மறுநாள் காலையில் சின்னராசுவுக்குக் காய்ச்சல் கொதித்தது. பிதற்றினான். நான் வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டுக் கொட்டகைப் பக்கம் போனேன். அம்மா எழுந்து நின்று, "இன்னாடி இங்க வந்துக்கினு? புள்ள தனியா கீறான், போடி!" என்று கத்தினாள்.

"நானும் ஒங்கூடத்தாம்மா குந்தணும்," என்றேன்.

அம்மாவுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. பிறகு, நம்ப மாட்டாய், சிரித்தாள். முகம் முழுதும் சிரிப்பு. "நெசமாவாடி? எப்போ?" என்று இரண்டு கையையும் நீட்டினாள்.

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. உள்ளே ஆத்தா உட்கார்ந்திருக்கும்போது இன்னொரு பொய்யா என்று பயந்தேன். வேடந்தாங்கலில் என்றேன். நீட்டிய கையாலேயே அம்மா தன் கன்னத்தில் அறைந்துகொண்டாள். என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ஒரு மாசமா வௌக்கேத்திக்கினு இருந்தியேடி பாவி, பொங்கப்பானைய நீதானேடி எறக்கின!"

நைனாவின் அக்கா, கோவிந்தம்மாள் அத்தை, தாலி அறுத்து வெகு நாளானவள், அவள் வந்து சின்னராசுவைப் பார்த்துக்கொண்டாள். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கியது. அம்மை இறங்கியதற்கான முதல் தண்ணீரை நேற்று தலைக்கு ஊற்றினார்கள். கண் நன்றாகத் தெரிகிறது. நான் சொன்னதால்தான் இறங்கியது என்கிறாள் அத்தை. எப்படியும் இறங்கியிருக்கும் என்று நீ சொல்வாய். நான் இரண்டையும் நினைத்துக்கொண்டு கொட்டகை அறையில் கிடக்கிறேன்.

இன்று மத்தியானம் அத்தை நிலைப்படிக்கு வெளியே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள். எந்தத் துணி கட்டியிருந்தேன், எந்தத் திசை பார்த்து நின்றேன், தண்ணீர் கண்ணில் பட்டதா. எல்லாம் சொன்னேன். "யாருடி மொதல்ல பாத்தது?" என்றாள். யாரும் பார்க்கவில்லை என்றேன். "அப்ப துணி? வானத்துலேர்ந்து உய்ந்துச்சா?" என்றாள்.

நீ வேண்டாம் என்று எழுதியிருந்தாய். வேறு ஏதாவது பேரைச் சொல்ல நினைத்தேன். அந்த மத்தியானம் உன்னைத் தவிர வேறு யாரும் என் பக்கத்தில் இல்லை. தேவகி என்றேன். எந்த ஊர் என்றாள். தாமல், முனியன் மகள் என்றேன். அத்தை எழுந்து போய்க் கை கழுவினாள்.

என்னை மன்னித்துக்கொள். மூன்று தண்ணீரும் ஊற்றி, ஆத்தாவை வழியனுப்பிய பிறகு தாமோதரன் மாமா வீட்டிலிருந்து வருகிறார்கள். ஜோசியரும் வருகிறார். கடற்கரைக்கு என் பேரை எடுத்துவிடச் சொல்லி டீச்சருக்கு எழுதிவிடட்டுமா?

ஆதி


காஞ்சிபுரம்
7-2-1984

ஆதிலட்சுமிக்கு,

தம்பி பிழைத்தது சந்தோஷம்.

என் பேரைச் சொன்னதற்குக் கோபம் வந்தது. கடிதத்தைக் கிழிக்கப் போனேன். பிறகு இரண்டு நாள் ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் போய் உட்கார்ந்தேன். டீச்சர் சொன்னபடி மணலில் காலடிச் சுவடுகளை வரைந்தேன். மாடு, நாய், ஆள்காட்டிக் குருவி. கோபம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். பேர் சொன்னதில் இல்லை. உன் அத்தை கை கழுவியதிலும் இல்லை. அப்படிக் கழுவுகிறவர்களைப் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் பேரைச் சொல்லும்போது குரலை இறக்கினாயா?

டீச்சருக்கு எழுதாதே. உன் பேரை நீயே எடுக்காதே. அதை எடுக்க அங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தேவகி


மானாம்பதி
18-2-1984, இரவு

அன்புள்ள தேவகிக்கு,

முதலில் உன் கேள்விக்குப் பதில். இறக்கினேன். அத்தைக்கே இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது. பாயைத் தள்ளிப் போட்டதும் உண்மை. அப்போது நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

போன வாரம் வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். தாமோதரன் மாமா, அவருடைய அண்ணன் தாண்டவராயன் பெரிய மாமா, ஜோசியர் வீராசாமி. என்னை உள் அறையில் உட்காரவைத்துக் குறுக்கே ஒரு புடவையைக் கட்டியிருந்தார்கள். எனக்கு அவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன.

ஜோசியர் பஞ்சாங்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு, "டிசம்பர் இருவத்தாறு. மார்கழி பதினொண்ணு. கரிநாளு. மத்தியானத்துக்கு மேல அஷ்டமி வேற. பொண்ணு தேதிய சரியாத்தான் சொல்லுதா?" என்றார்.

அம்மா அவசரமாகச் சொன்னாள், "சின்னப் பொண்ணுங்க, பயத்துல நாளு மறந்திருக்கும்." அத்தை புடவைக்கு இந்தப் பக்கம் வந்து என் தொடையைக் கிள்ளினாள். "நல்லா ரோசன பண்ணி சொல்லுடி. இருவத்தெட்டாத்தான் இருக்கும். ஊட்டுக்கு வர்ற அன்னிக்கி. இருவத்தெட்டுன்னு சொல்லு."

அப்போது எனக்குப் புரிந்துவிட்டது. இருபத்தெட்டு என்றால் மாமா வீடு. இருபத்தாறு என்றால் என்ன ஆகும் என்று தெரியாது, மாமா வீடு இல்லை என்பது மட்டும் தெரியும்.

"இருவத்தாறுதான்," என்றேன். "மத்தியானம் சாப்ட்டுட்டு ஏரிக்கரைக்குத் திரும்பி வரும்போது."

பெரிய மாமாவின் கால் ஆடுவது நின்றது. "யாரு மொதல்ல பாத்தது?"

"தேவகி. தாமல் முனியன் பொண்ணு. காஞ்சிபுரம் ஆஸ்டல்ல தங்கிப் படிக்கிறா." வாசல் வரை கேட்கும்படி சொன்னேன். யாரும் என்னை இரண்டாம் முறை கேட்கவில்லை.

"கரிநாளு, அஷ்டமி, ஊரு உட்டு ஊரு, பத்தாததுக்குக் காலனிப் பொண்ணு கண்ணு. இன்னும் இன்னா பாக்கி?" என்று பெரிய மாமா எழுந்தார். அம்மாவிடம், "செல்லம்மா, கோச்சிக்காத. எந்தம்பி உசுரோட நான் வௌயாட முடியாது." நைனாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானா ஒங்க வூட்டு வாசல்ல வந்து நின்னேன்? பொறந்ததுலேர்ந்து பேசிக்கினு இருந்தது நீங்கதானே!" என்று கத்தினார். தாமோதரன் மாமா செருப்பு மாட்டிக்கொண்டு போகும் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு நிம்மதியா, அவமானமா, காலைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. நைனா முந்தாநாள் அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தார், "இஸ்கூலுக்கே போவட்டும். இனிமே எவன் வந்து கேக்கப் போறான்? படிச்சி ஒரு வேலைக்கினாச்சும் போனா சரி." மாமல்லபுரத்துக்குப் போகலாமா என்று அத்தை வழியாகக் கேட்டேன். "போவட்டும்" என்றாராம். அதுவும் அதே குரலில். பாரத்தை இறக்கிவைப்பது மாதிரி.

தெருவில் என்னைப் பார்த்தால் கர்ப்பிணிகள் ஒதுங்குகிறார்கள். முன்பு நான் மாமா வீட்டைப் பார்த்துப் பயந்தேன். இப்போது அவர்கள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். அம்மாவுக்கு இனி பிறந்த வீடு இல்லை. அண்ணன் தம்பி இருவரும் இந்த வாசலை மிதிக்க மாட்டார்கள். அது என்னால்.

உன்னிடம் மட்டும் கேட்கிறேன். நான் உண்மை என்பதற்காக அந்தத் தேதியைச் சொன்னேனா, தப்பித்துக்கொள்ளச் சொன்னேனா? இருபத்தாறு நல்ல நாளாகவும் இருபத்தெட்டு கரிநாளாகவும் இருந்திருந்தால் எதைச் சொல்லியிருப்பேன்? எவ்வளவு யோசித்தாலும் அந்த இடத்தில் என் முகம் எனக்கே தெரியவில்லை. நீ கடற்கரைக்கு வரும்போது யோசித்து வந்து சொல். இரவெல்லாம் ஆமைக்காகக் காத்திருக்க வேண்டுமாமே, பேசலாம்.

அம்மா என்னோடு பேசி ஒன்பது நாள் ஆயிற்று. தட்டை வைப்பாள், தலை வாரிவிடுவாள், ஒரு வார்த்தை கிடையாது. இன்று சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். குழவியை நிறுத்தாமல், என் பக்கம் திரும்பாமல் கேட்டாள்.

"கடல்ல அல பெருசா இருக்குமா?"

"தெரியலம்மா. நான் பாத்ததில்ல," என்றேன்.

கொஞ்ச நேரம் அரைத்தாள். பிறகு, "அப்ப ஓரமாவே நில்லு," என்றாள்.

உன்
ஆதிலட்சுமி